வரவுக்குள் செலவு: சட்டம் செய்து கட்டுப்படுத்தலாமா?

புனே நகரின் கிழக்குப் பகுதியில், ஹடப்சரை ஒட்டி அமைந்துள்ள மகர்பட்டாவில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. கணிப்பொறி நிறுவனங்களிலும் வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரிய வந்தவர்கள் நாம். மாதம் பிறந்து சம்பளம் வந்ததும் நம் இல்லங்களில் நடைபெறும் முதற்காரியம் கணக்குப் பார்ப்பதுதான். வீட்டு வாடகை அல்லது வீட்டுக் கடனின் தவணை, குழந்தைகளின் பள்ளிக்கூடக் கட்டணம், மளிகைச் சாமான், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய தொகை, ஆண்டுக்கொரு முறை ஊர் சென்று திரும்புவதற்கான ரயில் செலவு ஆகிய யாவும் அந்தச் சம்பளத்துக்குள் அடங்கியாக வேண்டும். அயல் மாநிலத்தில் அவசரத்துக்குக் கைம்மாற்றுத் தர அண்ணன் தம்பியோ, எதிர்வீட்டு மாமாவோ கிடையாது. ஆகவே நாம் ஊரில் இருந்தபோது பார்த்ததைவிட இங்கே சற்றுக் கண்டிப்பாகவே கணக்குப் பார்க்கிறோம்.

இவ்வாறு பழகிய நமக்கு ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் தேதியன்று ஒரு வியப்பு ஏற்படுகிறது. அன்று பார்லிமெண்டில் நிதி மந்திரி சமர்ப்பிக்கும் வரவு செலவுத் திட்டத்தில், செலவு வரவை விடப் பல லட்சம் கோடி ரூபாய் மிகுதியாக இருக்கிறது. அந்தப் பள்ளத்தைக் கடன் வாங்கி நிரப்புகிறார்கள். அடுத்த ஆண்டும் அவ்வாறே. “நாம் வரவுக்குள் செலவு செய்து வாழவில்லையா? சர்க்காரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டால் என்ன?” என்று அன்று மாலை நம்மில் பலர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், சட்டம் இப்போது என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். இதற்கு நாம் குடியிருக்கும் தெருவிலிருந்தே தொடங்கலாம். மகர்பட்டா புனே மாநகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் மாநகராட்சிச் சட்டப்படி, ஆண்டு முடிவில் கையில் ஒரு தொகை மிஞ்சி நிற்குமாறுதான் மாநகராட்சி தன் பட்ஜெட்டைத் தயாரிக்க வேண்டும். கடன் வாங்க வேண்டுமானால் மாநில சர்க்காரின் அனுமதி பெற வேண்டும். 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புனே மாநகராட்சி, குடிநீர்த் திட்டத்துக்காக 7.59 சதவிகித வட்டியில் 200 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களை வெளியிட்டது. அது அவ்வாறு அனுமதி பெற்று, இன்ன காரியத்துக்கு என்று சொல்லி வாங்கிய கடன். தண்ணீர்க் குழாய்கள் பல்லாண்டு பயன்படுவன. அவற்றின் விலையைப் பத்தாண்டுகளில் பகிர்ந்து செலுத்துவது முறையே.

ஒரு படி மேலே சென்றால் மாநில சர்க்கார். நம் அரசியல் சட்டத்தின் 293ஆம் பிரிவின்படி மாநிலங்கள் இந்தியாவுக்குள் மட்டுமே கடன் வாங்கலாம். மத்திய சர்க்காருக்குத் திருப்ப வேண்டிய பழைய கடனில் ஒரு பகுதி பாக்கி இருந்தாலும் புதுக் கடனுக்கு அதன் சம்மதம் தேவை. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் மத்திய சர்க்காருக்குக் கடன்பட்டவை; ஆதலால் இந்தச் சம்மதம் வலிமை மிக்க கடிவாளமாக இருந்து வருகிறது. அந்தக் கடிவாளத்தை எவ்வளவு இறுக்கலாம் என்பது குறித்துக் கேரள மாநிலம் 2023ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2024 ஏப்ரலில் அவ்வழக்கு அரசியல் சட்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

மேல் படியில் இருப்பது மத்திய சர்க்கார். அதன் கடனைப் பற்றிப் பேசுவது 292ஆம் பிரிவு. இந்தியாவின் தொகுப்பு நிதியை ஈடாகக் காட்டி மத்திய சர்க்கார் கடன் வாங்கலாம் என்றும், பார்லிமெண்டு சட்டம் செய்து வரம்பு ஏதேனும் விதித்திருந்தால் அந்த வரம்புக்குள் வாங்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. ‘ஏதேனும் விதித்திருந்தால்’ என்பதை நாம் கவனிக்க வேண்டும். விதிக்காவிட்டால் வரம்பு இல்லை. ஆண்டு வரவு செலவு அறிக்கையைப் பற்றிய 112ஆம் பிரிவும் வரவும் செலவும் சமமாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. நடப்புச் செலவை மற்றச் செலவுகளிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. இந்தப் பிரிவினையின் அருமையைப் பின்னர்க் காண்போம்.

ஆக, நகராட்சிக்குக் கண்டிப்பு மிகுதி. மாநிலத்துக்கு அதனினும் குறைவு. நாட்டுக்கோ கதவு திறந்தே இருக்கிறது. ஏன் இவ்வாறு அமைத்தார்கள்? போர் வந்தாலும், நாடு முழுவதும் பஞ்சம் வந்தாலும், வாணிபம் முடங்கினாலும் கடைசிப் பொறுப்பு மத்திய சர்க்காருடையது. அதன் கையைக் கட்டிவிட்டால் ஆபத்துக் காலத்தில் உதவ வேறு ஒருவர் இல்லை. ஆயினும் அரசியல் நிர்ணய சபையில் இந்தத் திறந்த கதவைக் கண்டு கவலைப்பட்டோர் இருந்தனர். 1949 ஆகஸ்டில் இப்பொருள் விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் விடையளித்தார். இந்திய மாகாணங்களின் நிதி நிர்வாகம் பற்றி 1925ஆம் ஆண்டிலேயே நூல் எழுதிய பொருளாதார அறிஞர் அவர். வரம்பு விதிக்கும் அதிகாரம் பார்லிமெண்டுக்குப் போதிய அளவு தரப்பட்டுள்ளது என்பதும், பார்லிமெண்டு இக்கடமையை ஊன்றி எண்ணி அவ்வப்போது சட்டம் செய்து கடன் வாங்கும் உரிமையைக் கட்டுப்படுத்தும் என்று தாம் எதிர்பார்ப்பதாகவும் அவர் கூறிய விடையின் சாரம். பூட்டைச் செய்து சாவியைப் பார்லிமெண்டின் கையில் கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம்.

பார்லிமெண்டு அந்தப் பூட்டைப் பூட்ட எத்தனை காலம் எடுத்துக்கொண்டது? அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது 1950 ஜனவரி 26. கடனுக்கும் பற்றாக்குறைக்கும் வரம்பு கூறும் முதற்சட்டம் அமலுக்கு வந்தது 2004 ஜூலை 5. இடையே 54 ஆண்டுகள்.

அந்த 54 ஆண்டுகளின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26ஆம் தேதி சமர்ப்பித்தவர் கோயமுத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். வரவு சுமார் 171 கோடி; செலவு சுமார் 197 கோடி. பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகளும், பாதுகாப்புச் செலவும், உணவுத் தட்டுப்பாடும் சூழ்ந்திருந்த நேரத்தில் அந்தப் பற்றாக்குறை வியப்புக்குரியதன்று. அதன் பின்னர் மூன்று பத்தாண்டுகள் வரை ஒரு நல்ல வழக்கம் பெரும்பாலும் காக்கப்பட்டு வந்தது. அணை, உருக்காலை, ரயில் பாதை முதலியவற்றுக்குக் கடன் வாங்கினாலும், சம்பளம், வட்டி, மானியம் போன்ற நடப்புச் செலவுகள் நடப்பு வரவுக்குள் அடங்கியிருந்தன. 1979-80ஆம் ஆண்டு முதல் மத்திய சர்க்காரில் அவ்வழக்கம் மாறியது. அன்று தொட்டு நடப்புச் செலவுக்கே கடன் வாங்கும் நிலை ஆண்டுதோறும் தொடர்ந்தது.

இதற்கு ஓர் எளிய வழியும் திறந்திருந்தது. சர்க்காரின் கையிருப்பு குறைந்தால் ரிசர்வ் வங்கி தற்காலிக உண்டியல்களைப் பெற்றுக்கொண்டு பணம் வழங்கும் ஏற்பாடு 1950களின் இடையிலிருந்து நடைமுறையில் இருந்தது. ‘தற்காலிகம்’ என்பது பெயரளவில்தான். புதுப் பணம் பெருகினால் பொருள்களின் விலை ஏறும். விலையேற்றம் என்பது சட்டமன்றம் நிறைவேற்றாத ஒரு வரி. ஊரிலிருக்கும் தாயார் மாதந்தோறும் நாம் அனுப்பும் அதே தொகையைப் பெறுகிறார். ஆனால் அதில் வாங்கும் அரிசி குறைகிறது. சர்க்காரின் பற்றாக்குறை நம் வீட்டு வாசலுக்கு வரும் வழிகளில் இது ஒன்று.

1990-91இல் மத்திய சர்க்காரின் நிதிப் பற்றாக்குறை, நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 என்ற அளவை எட்டியது. அதே வேளையில் வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியது; அந்நியச் செலாவணி கரைந்தது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் சுமார் 47 டன்னை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைத்து டாலர் பெற்றோம். வீட்டு நகை அடகுக் கடைக்குப் போவதன் பொருளை அறியாத தமிழர் இல்லை. அந்த நிகழ்ச்சி நாட்டின் மனத்தில் தைத்தது. தற்காலிக உண்டியல் முறையை நிறுத்த 1994இல் சர்க்காரும் ரிசர்வ் வங்கியும் உடன்பாடு செய்துகொண்டன; 1997 ஏப்ரல் முதல் அது நின்றது. அப்போது ரிசர்வ் வங்கியின் கவர்னராக இருந்தவர் தமிழரான டாக்டர் சி. ரங்கராஜன்.

இதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்பு மற்றும் வரவு செலவு நிர்வாகச் சட்டம். சமநிலை பட்ஜெட்டை அரசியல் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்ற கருத்துக்கு நம் நாட்டில் மிக நெருங்கி வந்தது இச்சட்டம் எனலாம். வருவாய்ப் பற்றாக்குறையை அறவே நீக்க வேண்டும்; நிதிப் பற்றாக்குறையை மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 3 என்ற அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பன இதன் இலக்குகள். தமிழ்நாடும் அதே 2003இல் தனக்கொரு நிதிப் பொறுப்புச் சட்டம் செய்துகொண்டது. மகாராஷ்டிரம் 2005இல் செய்துகொண்டது. ஆகவே மகர்பட்டாவில் வாழும் தமிழர் ஒருவர், தாம் பிறந்த மாநிலத்திலும் தாம் வாழும் மாநிலத்திலும் இத்தகைய வாக்குறுதி பெற்றவராகிறார்.

இங்கே இரு சொற்களை விளக்குவது நலம். வருவாய்ப் பற்றாக்குறை என்பது அன்றாடச் செலவுக்கு அன்றாட வரவு போதாமை. நிதிப் பற்றாக்குறை என்பது அன்றாடச் செலவு, கட்டடம், பாதை, தளவாடம் ஆகிய எல்லாச் செலவுகளுக்குமாகச் சர்க்கார் அந்த ஆண்டில் வாங்க வேண்டியிருக்கும் மொத்தக் கடன். முன்னது அரிசிக்கும் பருப்புக்கும் கடன் வாங்குவதைப் போன்றது. பின்னதில் வீடு கட்ட வாங்கும் கடனும் சேர்ந்திருக்கிறது.

சட்டம் செய்த பின் நடந்தது என்ன? வருவாய்ப் பற்றாக்குறையை 2008 மார்ச்சுக்குள் நீக்குவதாக எழுதிய தேதி, 2004இல் ஓராண்டு தள்ளி வைக்கப்பட்டது. ஆயினும் நல்ல முன்னேற்றம் காணப்பட்டது. 2007-08இல் நிதிப் பற்றாக்குறை நூற்றுக்கு 3க்கும் கீழே வந்தது. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. அத்துடன் விவசாயக் கடன் தள்ளுபடி, ஊதியக் குழுவின் சம்பள உயர்வு, எண்ணெய், உர மானியங்கள் ஆகியவையும் சேர்ந்தன. பற்றாக்குறை ஏறத்தாழ நூற்றுக்கு 6 ஆயிற்று. 2012இல் சட்டத்தைத் திருத்தித் தேதியை 2015 மார்ச்சுக்கு மாற்றினர். 2015இல் மீண்டும் திருத்தி 2018 மார்ச்சு என்றனர். 2018இல் செய்த திருத்தத்தில், வருவாய்ப் பற்றாக்குறையை நீக்கும் இலக்கே கைவிடப்பட்டது. அதற்கு மாறாக மத்திய சர்க்காரின் கடன் 2024-25இன் இறுதிக்குள் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 40ஐத் தாண்டலாகாது என்று எழுதப்பட்டது. அந்த ஆண்டு வந்தபோது கடன் ஏறத்தாழ நூற்றுக்கு 57 ஆக இருந்தது.

இதைக் கேட்டதும், “பார்லிமெண்டு செய்த சட்டத்தைப் பார்லிமெண்டே மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்கிறோம்” என்று நேயர்கள் கூறக்கூடும். அவ்வாறு எழுதிய நாடுகளும் உண்டு. சுவிட்சர்லாந்து மக்கள் 2001 டிசம்பரில் வாக்களித்து, நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் சம்மதத்துடன், கடன் தடையைத் தம் அரசியல் சட்டத்தில் சேர்த்தனர். அது 2003 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது ஆண்டுதோறும் வரவும் செலவும் சமமாக வேண்டும் என்று சொல்வதன்று. வாணிபம் மந்தமான ஆண்டில் சிறிது பற்றாக்குறையை அனுமதித்து, செழிப்பான ஆண்டில் மிச்சம் பிடிக்கச் சொல்வது அதன் முறை. ஜெர்மனி 2009இல் தன் அரசியல் சட்டத்தில் இதே போன்ற தடையை எழுதியது. 2025 மார்ச்சில், பாதுகாப்புச் செலவின் பெரும்பகுதிக்கு அத்தடையிலிருந்து விலக்கு அளித்ததுடன், பாலங்கள், ரயில் பாதைகள் முதலியவற்றைச் சீராக்க 50,000 கோடி யூரோ நிதியையும் தடைக்கு வெளியே வைத்து அந்த அரசியல் சட்டத்தையே திருத்தியது. அமெரிக்காவில் இத்தகைய திருத்தம் 1997இல் செனட் சபையில் ஒரே ஒரு வாக்குக் குறைவால் தோற்றது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? அரசியல் சட்டத்தில் எழுதினாலும் அது மாற்ற முடியாததாகிவிடுவதில்லை. மாற்றுவது கடினமாகிறது, அவ்வளவே. அந்தக் கடினம் நல்ல காலத்தில் காவலாகவும், கெட்ட காலத்தில் இடையூறாகவும் இருக்கும்.

கெட்ட காலத்தைப் பற்றிப் பேசும்போது புனே நகரின் புகழ்மிக்க குடிமகன் ஒருவரை நாம் நினைவுகூர வேண்டும். கோபால கிருஷ்ண கோகலே 1902 மார்ச்சு 26ஆம் தேதி கல்கத்தாவில் வைஸ்ராயின் சட்டசபையில் தமது முதல் பட்ஜெட் உரையை நிகழ்த்தினார். அன்றைய பட்ஜெட்டில் பற்றாக்குறை இல்லை. மாறாக, உபரி இருந்தது. தொடர்ந்து சில ஆண்டுகளாகவே உபரி. ஆங்கில அதிகாரிகள் அதனை நாட்டின் செழிப்புக்குச் சான்றாகக் காட்டினர். கோகலே அதை மறுத்தார். அதே ஆண்டுகளில்தான் நாடு கொடிய பஞ்சத்தையும் பிளேக்கையும் கண்டிருந்தது. ரூபாயின் மதிப்பு வீழ்ந்திருந்த காலத்தில் விதித்த வரிகளை, அம்மதிப்பு உயர்ந்த பின்னரும் குறைக்காமல் வைத்திருந்ததால் கிடைத்த உபரி அது என்று அவர் எடுத்துக்காட்டினார். உப்பு மீது மணங்குக்கு இரண்டரை ரூபாய் வரி 1888 முதல் வசூலிக்கப்பட்டு வந்தது. ஏழையின் கஞ்சியில் இடும் உப்பிலிருந்து எடுத்த பணம் கஜானாவில் மிஞ்சுவது மக்கள் நலத்துக்கு அடையாளமாகாது என்பதே அவரது வாதம். அடுத்த ஆண்டு, 1903இல், உப்பு வரி மணங்குக்கு இரண்டு ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

கோகலே 1905இல் புனேயில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்துக்கு, 1915இல் அவர் மறைந்த பின் தலைமை ஏற்றவர் தஞ்சை மண்ணின் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். புனேக்குப் பிழைக்க வரும் தமிழர்க்கு இங்கே இப்படியும் ஓர் உறவு உண்டு. கோகலே உணர்த்திய பாடம் இன்றும் பொருந்துகிறது. கணக்கு நேராக இருந்தால் மட்டும் போதாது. யாரிடம் வாங்கி, யாருக்கு, எதற்காகச் செலவிடப்பட்டது என்பதும் தெரிய வேண்டும்.

2020ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மார்ச்சு மாத இறுதியில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. பிற மாநிலங்களில் உழைத்துவந்த லட்சக்கணக்கானோர் வேலையிழந்து ஊர் திரும்ப வழி தேடினர். வாணிபம் நின்றதால் வரி வரவு குறைந்தது. அதே நேரத்தில் இலவச அரிசி, கோதுமை, மருத்துவம் ஆகியவற்றுக்குச் செலவு உயர்ந்தது. அந்த ஆண்டில் மத்திய சர்க்காரின் நிதிப் பற்றாக்குறை நூற்றுக்கு 9.2ஐ எட்டியது. வரவுக்குள் செலவு என்று அரசியல் சட்டம் விதிவிலக்கின்றிக் கட்டளையிட்டிருந்தால், வரவு வீழ்ந்த அந்த ஆண்டிலேயே அரிசியையும் மருந்தையும் குறைக்க நேர்ந்திருக்கும். ஒரு குடும்பம் சிக்கனம் பிடித்தால் அதன் சேமிப்பு உயர்கிறது. எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து சிக்கனம் பிடித்தால் கடைகளில் விற்பனை நிற்கிறது, வேலைகள் போகின்றன. அவ்வேளையில் சர்க்காரும் கையை மூடிக்கொண்டால் துன்பம் இருமடங்காகும். வீட்டுக் கணக்குக்கும் நாட்டுக் கணக்குக்கும் உள்ள பெரிய வேற்றுமை இது.

ஆனால் இந்த வேற்றுமையைச் சொல்லியே எல்லாக் காலத்திலும் கடன் வாங்கிக் கொண்டிருக்கலாமா? இல்லை. 2025 பிப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட 2025-26ஆம் ஆண்டின் மதிப்பீட்டை ஒரு குடும்பத்தின் மாதக் கணக்காகச் சுருக்கிப் பார்ப்போம். ஒரு லட்சம் கோடி ரூபாயை ஆயிரம் ரூபாயாகக் கொள்வோம். அப்போது குடும்பத்தின் வரவு 34,200 ரூபாய். மொத்தச் செலவு 50,650 ரூபாய். பழைய கடன் வசூல், பங்கு விற்பனை வகையில் 760 ரூபாய் கிடைக்கிறது. மீதி 15,690 ரூபாய்க்குப் புதுக் கடன். செலவில் பழைய கடனுக்கான வட்டி மட்டும் 12,760 ரூபாய். அதாவது, சம்பளமாக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 37 காசு, அரிசி வாங்கு முன்பே, வட்டிக்குப் போய்விடுகிறது. புதுக் கடனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, பழைய கடனின் வட்டிக்கு ஈடாகிறது.

இனி, அந்தப் புதுக் கடன் எதற்குப் பயன்படுகிறது? 112ஆம் பிரிவு பிரித்துக் காட்டச் சொன்னதன் பயனை இங்கே காண்கிறோம். மூலதனச் செலவு 11,210 ரூபாய். இதற்குப் போக, கடனில் 5,240 ரூபாய் நடப்புச் செலவுப் பள்ளத்தை நிரப்புகிறது. கடன் வாங்கிய மூன்று ரூபாயில் ஏறத்தாழ ஒரு ரூபாய் நடப்புச் செலவுக்குப் போகிறது. நடப்புச் செலவு என எழுதப்படுவதில் ஒரு பகுதி, பள்ளிக்கூடமும் பாதையும் அமைக்க மாநிலங்களுக்குத் தரும் மானியம் என்று சர்க்கார் தரப்பில் கூறுவர். அது உண்மையே, அந்த அளவுக்குப் பள்ளம் குறைகிறது. ஆயினும் பள்ளம் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இந்த வட்டியை யார் கட்டுவார்கள்? இன்று கடன் வாங்குவது பற்றி முடிவு செய்வோர் அல்லர். பத்தாண்டு, இருபதாண்டு, முப்பதாண்டு கழித்து முதிரும் பத்திரங்களின் பணத்தைத் திருப்பித் தரப்போவது, இன்று மகர்பட்டாவின் பூங்காவில் சைக்கிள் பழகும் நம் குழந்தைகள். அவர்களுக்கு இன்று வாக்குரிமை இல்லை. அவர்களுக்காக ரயில் பாதையும் மருத்துவமனையும் கட்டிவைத்துவிட்டு அதன் விலையில் ஒரு பங்கை அவர்களிடம் கேட்டால் அது நியாயம். நாம் உண்டு தீர்த்தவற்றின் விலையை அவர்களிடம் கேட்பது நியாயமாகாது. வரவுக்குள் செலவு என்னும் கோரிக்கையில் உள்ள அறம் இதுதான். அந்த அறத்தைக் காப்பாற்ற, எல்லாக் கடனையும் தடை செய்ய வேண்டியதில்லை. சாதாரண ஆண்டுகளில் நடப்புச் செலவுக்குக் கடன் வாங்குவதைத் தடுத்தால் போதும். 2018இல் கைவிடப்பட்டது அந்த இலக்குதான் என்பதை நாம் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

மகர்பட்டா உருவான வரலாறும் இதற்கு ஒரு நல்ல உவமை. இந்த இடம் முன்பு வயல்வெளி. மகர் என்னும் குடும்பப் பெயர் கொண்ட உழவர்களே பெரும்பாலோர். நகரம் வளர்ந்து நெருங்கி வந்தபோது, மற்ற இடங்களில் உழவர்கள் நிலத்தை விற்றுப் பணம் பெற்று, அப்பணம் சில ஆண்டுகளில் கரைந்து, நிலமும் இன்றி நின்றதை இவர்கள் கண்டிருந்தனர். ஆகவே 1990களில் சதீஷ் மகர் முதலியோரின் முயற்சியால், நூற்றுக்கு மேற்பட்ட உழவர் குடும்பங்கள் சுமார் 400 ஏக்கர் நிலத்தை ஒன்று சேர்த்தன. ஒரு நிறுவனம் அமைத்து, நில அளவுக்கேற்பப் பங்கு பெற்று, வீடுகளும் அலுவலகங்களும் கட்டின. நிலம் கைவிட்டுப் போகவில்லை. வேறு வடிவில் வருமானம் தரும் சொத்தாக நின்றது. இவ்வளவு பெரிய நகரைக் கடன் இன்றிக் கட்ட இயலாது. கடனைக் கண்டு அவர்கள் அஞ்சவில்லை. முதலை உண்டு தீர்ப்பதற்கே அஞ்சினர். நாட்டின் நிதி மந்திரிக்கும் இந்த உழவர்களின் அறிவு வேண்டும்.

ஆகவே நம் கேள்விக்கு விடை இதுவாகும். ஆண்டுதோறும் வரவும் செலவும் சமமாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் எழுதுவது, ஆபத்துக் காலத்தில் நம் கையையே கட்டிவிடக்கூடும். எந்த வரம்பும் வேண்டாம் என்பது குழந்தைகளின் பெயரில் கடன் எழுதுவதாகும். இரண்டுக்கும் நடுவே, 292ஆம் பிரிவு காட்டும் வழி இருக்கிறது. பார்லிமெண்டு வரம்பு விதித்து, விதிவிலக்கு எப்போது என்றும் தெளிவாகச் சொல்லி, தானே அதைக் காக்க வேண்டும். 2025 பட்ஜெட்டில், 2026-27 முதல் ஆண்டுப் பற்றாக்குறையைவிட மொத்தக் கடனின் அளவையே முதன்மை அளவுகோலாகக் கொண்டு, 2031 மார்ச்சுக்குள் அதனை மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 50 என்ற அளவையொட்டிக் கொண்டுவருவதாகச் சர்க்கார் அறிவித்தது. இது இன்னொரு வாக்குறுதி. முன்னைய தேதிகள் எவ்வாறு மாறின என்பதை நாம் கண்டோம். இந்தத் தேதி மாறாமலிருக்க வேண்டுமானால், அதைக் கவனிப்போர் நாட்டில் மிகுதியாக வேண்டும்.

கவனிப்பது கடினமன்று. அடுத்த பிப்ரவரி முதல் தேதியன்று நிதி மந்திரியின் உரையைக் கேட்கும்போதும், மறுநாள் பத்திரிகை படிக்கும்போதும், எந்தப் பொருளுக்கு விலை ஏறும், வருமான வரி எவ்வளவு குறையும் என்பவற்றோடு நாம் நின்றுவிட வேண்டாம். மூன்று எண்களைத் தேடுவோம். வரவில் நூற்றுக்கு எத்தனை வட்டிக்குப் போகிறது? வாங்கும் கடனில் எவ்வளவு நடப்புச் செலவுக்கு? நாட்டின் மொத்தக் கடன் சென்ற ஆண்டைவிட உற்பத்தியின் அளவில் ஏறியதா, இறங்கியதா? இம்மூன்றையும் நம் வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆண்டுதோறும் ஒரு வரியாகக் குறித்து வைப்போம். தமிழ்நாட்டின் பட்ஜெட்டுக்கும் மகாராஷ்டிரத்தின் பட்ஜெட்டுக்கும் அவ்வாறே ஒவ்வொரு வரி எழுதலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம், அவர்கள் எந்தக் கட்சியினராயினும், அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேள்வி கேட்போம். மாதக் கணக்கைப் பைசா பிசகாமல் பார்க்கத் தெரிந்த நமக்கு இது புதிய வேலையன்று.